பன்னிரண்டு வோல்ட்

புயல் போய் நான்காம் நாள்.
நெய்வேலியிலிருந்து வந்த கம்பி
முந்திரித் தோப்பில் குப்புறக் கிடக்கிறது.
முதுநகரில் என் வைண்டிங் கடை ஷட்டரை
அரையாய்த் தூக்கிக் குனிந்து
தேசிங்கு கேட்டான்:
"போட்ல நாலு பேட்டரி ஃபுல்லா நிக்குதுக்கா.
ஊருக்கு ஃபேன் ஓட்டலாமா?"

ஓடாது என்றேன்.
ஏன் என்று சொல்லி முடிக்க
அக்கரைகோரி வரை நடக்க வேண்டியிருந்தது,
விழுந்த போஸ்ட்களைத் தாண்டித் தாண்டி.

ஃபேனுக்குள் இருப்பது செம்புச் சுருள்.
நொடிக்கு ஐம்பது தடவை
போய்த் திரும்பி, போய்த் திரும்பி
மின்சாரம் அலைக்கழித்தால்தான்
அதில் காந்தம் சுற்றும்,
காந்தத்தின் பின்னே றெக்கை.
உன் பேட்டரிக்கு ஒரே வழிதான் தெரியும்.
கொடுத்தால் காந்தம் ஒரு பக்கமாய்
முறைத்துக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான்.

"அப்ப கரண்டாபீஸ்காரன் மட்டும்
ஏன் ஆட்டி அனுப்புறான்?"

தூரம், தேசிங்கு.
வழியில் தேயாமல் வர
லட்சம் வோல்ட்டாய் ஏற வேண்டும்,
தெருமுனையில் இருநூற்று முப்பதாய் இறங்க வேண்டும்.
ஏற்றி இறக்கும் பெட்டிக்குள் இரண்டு சுருள்;
ஒன்றையொன்று தொடுவதே இல்லை.
இது மாறினால் அதற்குத் தெரியும்.
மாறாமல் நின்றால்
பக்கத்து வீட்டில் ஆளில்லை
என்று நினைத்துக்கொள்ளும்.

படகில் ஊரே ஏறியிருந்தது.
செல்போன் மட்டும் நூறுக்கு மேல்.
செல்போனுக்கு ஆட்டம் ஆகாது.
வீட்டுச் சார்ஜருக்குள் இருப்பது
ஒரு மாதிரி இறால் பறி:
உள்ளே வரலாம், திரும்ப முடியாது.
இங்கே பறிக்கும் வேலையில்லை.
கார் சார்ஜர் ஏழு வைத்திருந்தேன்.
ஆளுக்குப் பத்து நிமிஷம்.
பூரணி மஸ்கட்டுக்குப் பேசினாள்:
"வீடு போச்சு. நாங்க இருக்கோம்."

ஆறாம் நாள் ராத்திரி லைன் வந்தது.
ஒரே கூச்சலாய் எல்லோரும் இறங்கி ஓடினார்கள்.
யார் வீட்டிலோ மிக்சி தானே அலறியது.

விடியலில் தேசிங்கு சாவியைத் திருப்பினான்.
டக்.
மறுபடி, டக்.
நாலு பேட்டரியையும் ஊர் பேசித் தீர்த்திருந்தது.

ஐஸ் கம்பெனி பிளக்கிலிருந்து
மீன் பெட்டிகள்மேல் ஒயர் இழுத்தேன்.
சார்ஜர் வெதுவெதுப்பாகி 'ம்ம்' என்றது.
ஆடி வந்தது நேராகி
உள்ளே போய் உட்காரத் தொடங்கியது.

"எவ்ளோ நேரம்க்கா?"

சாயங்காலம் ஆகும்.
இருவரும் பலகையில் உட்கார்ந்தோம்.
ஓதம் ஏறுகிற நேரம்.
எதிரே கெடிலம்
மேற்கே ஓடிக்கொண்டிருந்தது.