ஐஸுக்குச் சைகை

ஒட்டுசுட்டான் மண்டபத்தில்
யன்னல்களைச் சாத்தச் சொன்னேன்,
புரொஜெக்டரில் படம் தெரியவேண்டும் என்று.
வெளிச்சம் போனது. வெக்கை போகவில்லை.

சீருடையில் அறுபத்திரண்டு பேர்.
எல்லாரும் பஸ் ஓடும் தெருவோரத்துப் பிள்ளைகள்,
போன வருசமும் இதே கதிரைகளில் இருந்தவர்கள்.
முன்வரிசைக்காரி
நான் கேட்க முன்னமே ஒப்புவித்தாள்:
மூளை, ஈரல், குடும்பம், சமூகம்.

பின்னுக்கு, தூணோரம்
சீருடை இல்லாமல் ஒருவன்.
அவனுக்கு முன்னால், எனக்கு முதுகு காட்டி,
தங்கச்சி.
என் வாய்க்கு ஒரு வசனம் பிந்தி
அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஐஸ்" என்றேன்.
விரல்கள் நின்றன.
பிறகு கைகளை நெஞ்சோடு ஒடுக்கி
குளிரில் நடுங்கிக் காட்டினாள்,
இல்லாத குச்சியொன்றை நக்கினாள்.
அவன் தலையாட்டினான்.
நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

கண்டேன், போனேன்.
அதைத்தான் இங்கே எழுதவேண்டியிருக்கிறது.

வரவுத் தாளின் கடைசி இரண்டு பெயர்களும் ஒரே கையெழுத்து.
கபிசன். லதுசிகா.
அறிக்கையில் கூட்டினேன்:
பயன்பெற்றோர் அறுபத்திநான்கு.

மூன்று கிழமை கழித்து
வேறு அலுவலாய் முத்தையன்கட்டுக்குப் போனேன்.
கடைவாசலில் அவள் மறித்தாள்.
"மிஸ், அண்ணா இப்ப ஐஸ்பழமே தின்னுறேல்லை.
சிவப்புப் பெட்டி வைச்ச மோட்டார்சைக்கிளைக் கண்டா
எழும்பி உள்ளுக்குப் போயிடுவான்.
என்னையும் வாங்க விடான்."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.
சிரிப்பு முடிய முன்னம் கேட்டாள்:
"இரவில மணல் ஏத்தேக்க
நித்திரை வராமல் இருக்க ஒண்டு குடுக்கிறாங்கள்.
வெள்ளையா, கற்கண்டு மாதிரி.
அது மருந்துதானே, மிஸ்?"

காலை பத்து மணி
என் கூட்டத்தின் நேரம்.
ஆற்றுக்குள் விடியவிடிய மணல் ஏற்றியவர்கள்
புரண்டு படுக்கிற நேரமும் அதுதான்.
இத்தனை வருசம்
ஒருக்காலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

சைகைமொழி தெரிந்த ஒருவரைக் கேட்டு
அலுவலகத்துக்கு எழுதினேன்.
மாவட்டத்தில் ஒருவர்தானாம்,
அவரும் நீதிமன்றத்துக்கு மட்டுமாம்.
மாலை ஆறுக்குப் பிறகு வாகனம் இல்லையாம்.
பாடசாலைக்கு வராதவர்கள்
இன்னொரு பிரிவுக்கு உரியவர்களாம்.
அந்தப் பிரிவுக்கு எழுதினேன்.
அவர்கள் எனக்கே திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியில், இரவல் மோட்டார்சைக்கிளில்,
பொழுதுபட, அவர்கள் வளவுக்குப் போனேன்.
படம் இல்லை, மின்சாரமும் வெட்டு.
கைவிளக்கைக் கவிழ்த்து மணலில் வைத்து
அந்தக் கல்லைப் பற்றி
நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.
அவள் சொல் தேடினாள்.
அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

விரல் இரண்டால் தன் இமையைப் பிரித்துப் பிடித்தான்.
மூடவிடாமல், நெடுநேரம்.
மற்றக் கையால் வாய்க்குள்ளிருந்து
பல்லொன்றைப் பிடுங்கி எறிந்தான்.
இப்படியா? என்று என்னைப் பார்த்தான்.

யாருடைய பல்லைக் கண்டான் என்று
நான் கேட்கவில்லை.
இருட்டில் தெரு பக்கமாய்க் கையை நீட்டி
மூன்று விரல் காட்டினான்:
இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.
கூட்டிவரட்டா?

ஓம் என்று நான் தலையாட்ட
அவன் போனான்.

லதுசிகா கைகளை மடியில் போட்டாள்.
நெட்டி முறித்தாள், ஒவ்வொரு விரலாய்.
"நான் வேலை செய்யிற கார்மென்ட்சிலயும்
குளிசை ஒண்டு திரியுது, மிஸ்.
எனக்கும் சொல்லுவியளோ,
இல்லாட்டி
நான் கைதானோ?"