கரை மேலே

ஷார்ஜா, ரோலாவில்
ஏசித் தண்ணீர் சொட்டும் சந்தில் எங்கள் கடை.
செப்டம்பர் முழுக்கப் பள்ளி யூனிஃபார்ம்,
இடையில் ஒன்றிரண்டு கந்தூராவுக்குக் கை சுருக்கம்.
ஹப்தாமு வந்தது நைட் டியூட்டிக்கு முன்னால்,
செக்யூரிட்டி உடுப்போடு, இடுப்பில் வாக்கிடாக்கி இரைய.
பிளாஸ்டிக் பையிலிருந்து வெள்ளைத் துணி எடுத்தான்.
கைத்தறி. உதறியதும்
கடை முழுக்க வறுத்த காப்பி வாசனை.

அரைகுறை இந்தியில் சொன்னான்:
முழங்கால் வரை நீளம், மாஸ்டர்.
காலர் நிற்க வேண்டும், பட்டன் தெரியக் கூடாது.
நெஞ்சு நடுவில் இது.
மஞ்சளும் பச்சையுமாய் ஒரு சாண் கரை,
அதற்குள் சிலுவைகள்
ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி.
திபெப் என்றான்.
பில்லில் 'கரை' என்று எழுதிக்கொண்டேன்.

மீதித் துணி தோளுக்காம், மெல்லியது, பெயர் நெத்தலா.
எனக்கு நெத்திலி என்று கேட்டது.

கையை நீட்டச் சொன்னால்
சோதனைக்கு நிற்பவன்போல் நீட்டினான்.
தினமும் மாலில் அவன்
அடுத்தவர்களை நிறுத்துகிற மாதிரியே.
தோள் பத்தொன்பது.

பதினோராம் தேதி எங்களுக்கு வருஷம் பிறக்கிறது, அதற்குள் வேண்டும் என்றான்.
எந்த வருஷம்?
சொன்னான். கழித்துப் பார்த்தேன், ஏழு குறைவு.
நான் இங்கே வந்து ஆறுதான் ஆகிறது.
அவன் கணக்கில்
நான் இன்னும் விமானம் ஏறவில்லை,
பாஸ்போர்ட் என் சட்டைப் பையில் இருக்கிறது,
யாருக்கும் ஒரு பைசா கடனில்லை.
மாசம்கூட எங்களுக்குப் பதின்மூன்று என்றான்.
சம்பளம்? என்றேன்.
இரண்டு பேரும் சிரித்ததில்
வாக்கிடாக்கி கூப்பிட்டது கேட்கவில்லை.

மெஷினுக்கு அந்தத் துணி அடங்கவில்லை.
ஊசி இரண்டு போயிற்று.
கரையில் கத்திரி வைக்க மனமில்லாமல்
மடித்து மடித்துத் தைத்தேன்.

ஒன்பதாம் தேதி போட்டுப் பார்த்தான்.
பக்கத்துக் கடை பட்டான் எழுந்து வந்து
காரணமில்லாமல் கை கொடுத்தான்.
நெத்தலாவை ஒரு வீச்சில் தோளில் விட்டான்.
கரை கீழே, முழங்காலருகே ஆடியது.
இப்படித்தான் என்றான் கண்ணாடியிடம்.
பாக்கி பதினைந்து திர்ஹம் சம்பளம் வந்ததும்.

பதினொன்று சாயங்காலம் வந்தான்.
அதே சட்டை, இஸ்திரி கலையவில்லை.
ஆனால் நெத்தலா தலைகீழாக இருந்தது.
கரை மேலே ஏறி
கழுத்தைச் சுற்றிக் கிடந்தது.
அவசரத்தில் போட்டிருப்பான் என்று
சரிசெய்யக் கை கொண்டுபோனேன்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.
அழுத்தமில்லை. விடவுமில்லை.
அவன் இன்னொரு கையில் போன்,
திரையில் வரிசையாய் எடுக்காத அழைப்புகள்,
எல்லாம் ஒரே நாட்டு எண்.

அம்மா, என்றான். காலையில்.
பிறகு பதினைந்து திர்ஹத்தை
கட்டிங் மேசையில் எண்ணி வைத்தான்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

சந்து முனையில் வேன் நின்றது.
உள்ளே ஏழெட்டுப் பேர், புது வருஷத்துக்கு உடுத்தியவர்கள்,
எல்லோரும் வெள்ளை.
எல்லோர் கழுத்திலும் கரை.