ரெண்டு முழம்

இந்த எஞ்சினை வரைந்தவனுக்குக் கை இருந்திருக்காது.
புகைக் குழாய்க்குப் பின்னால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே,
ஒரு டம்ளர் நுழையாத சந்தில்
படுக்கை வாட்டில் திருகியிருந்தான் ஆயில் பில்டரை.

கழற்றினால் முக்கால் டம்ளர் கறுப்பு எண்ணெய்
நேராகக் குழாயின் முதுகில்.
துடைக்கலாம்தான். துணி போகும், துணியைப் பிடித்த விரல் போகாது.
போன கையில்
முழங்கைக்குக் கீழே நான்கு தழும்பு,
நான்கு பில்டர்.

மிச்ச எண்ணெய் எரிந்துதான் தீரும்.
மூன்று நாள், சில சமயம் நாலு.

செங்கல் ஏற்றுகிறவனுக்குக் கவலையில்லை,
செங்கல் மூக்கைப் பொத்திக்கொள்ளாது.
நான் ஏற்றுவது மல்லிகை.
உசிலம்பட்டி, செல்லம்பட்டி, கருமாத்தூர்,
விடியுமுன் பறித்த மொட்டு, ஈரச் சாக்கில்.

மாட்டுத்தாவணி மண்டியில் லோகிதாசன்
சாக்கைப் பிரித்தான், முகத்தைப் புதைத்தான், நிமிர்ந்தான்.
"என்னய்யா, மல்லிக்குள்ள லாரி ஓடுது."
கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைத்தான்.

குறைந்தது என் பணமில்லை.
கருமாத்தூர் மாயக்காவின் பணம்.
அவர் சண்டைக்கு வரவில்லை.
மறுநாள் சாக்கை பஸ் கூரையில் ஏற்றிவிட்டார்,
அவ்வளவுதான்.

"பில்டரைத் தூக்கி அங்கிட்டு வைய்யி,
பேட்டரிப் பக்கம்" என்றான் ஒச்சுக்காளை,
ஏதோ நாற்காலியை நகர்த்தச் சொல்வதுபோல.
சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

பழங்காநத்தத்தில் ஷெரீப் லேத்தில் ஒரு தட்டு கடைந்தோம்,
பழைய இடத்தின் வாயை மூட.
முழுக்க மூடக் கூடாது.
எண்ணெய் போக ஒரு துளை, வர ஒரு துளை.
எது எதுவென்று மறந்தால் எஞ்சின் காலி,
அதனால் உளியால் ஒன்றுக்கு ஒரு புள்ளி,
இன்னொன்றுக்கு இரண்டு.

கப்பலூரில் ஜேசிபிக்கு ஓஸ் அடிக்கிற கடை.
"எவ்வளவு நீளம்?"
டேப் எடுத்துப் போகவில்லை.
தழும்புக் கையை மடக்கி நீட்டிக் காட்டினேன்:
"ரெண்டு முழம். அதுல ரெண்டு."
"பூவா வாங்குறீங்க?" என்றார் கடைக்கார அம்மா.
சிரிக்காமல் வெட்டினார்.
பூக்காரியைப் போலக் கையைச் சுருக்கவில்லை,
நாலு விரல் தாராளமாகவே.

அந்த நாலு விரல்தான் வினை.
செக்கானூரணி தாண்டியதும் ஓஸ் தொய்ந்து
பேன் பெல்ட்டில் உரசியது.
இதைச் சொல்லாமல் விட்டால் கதை நன்றாக இருக்கும்.
பூக்கட்டிலிருந்து ஒரு வாழை நாரை உருவி
ஓஸை ஒதுக்கிக் கட்டி ஓட்டிவந்தேன்.
பானெட்டைத் திறந்த ஒச்சுக்காளை
நாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
என் வம்சத்தை விசாரித்தான்,
பிறகு இரும்புக் கிளிப் போட்டான்.

இப்போது பில்டர்
வாய் மேல்பார்க்கத் தொங்குகிறது.
வேட்டியோடு நின்றபடி கழற்றலாம்.
ஒரு சொட்டு சிந்துவதில்லை.
புதியதில் எண்ணெயை நிரப்பியே மாட்டுகிறேன்,
பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற நிதானத்தில்.

லோகிதாசன் சாக்கைப் பிரித்தான்,
முகத்தைப் புதைத்தான், நிமிர்ந்தான்.
ஒன்றும் சொல்லாமல் விலையை எழுதினான்.
பதினோராயிரத்து நானூறு ரூபாய் ஆனது,
அவனை ஒன்றும் சொல்லாமலிருக்க வைக்க.

ஒன்றே ஒன்று.
எண்ணெய்க்கு இப்போது நடை கூடுதல்.
முன்பெல்லாம் ஸ்டார்ட் ஆனதுமே அணைந்துவிடும் சிவப்பு விளக்கு
இரண்டு எண்ணும்வரை எரிகிறது.
அதுவரை ஆக்சிலேட்டரைத் தொடுவதில்லை.
எங்கேயோ வழியில் இருக்கும், வந்துவிடும்,
ஓஸ் கழன்றிருந்தால் வராது.

இன்றைக்கும் கருமாத்தூர் விலக்கில்
ஒன்று என்று எண்ணும்போது பின்னால் ஹாரன்.
உசிலம்பட்டி பஸ்.
கூரையில் மாயக்காவின் ஈரச் சாக்கு,
பச்சைக் கயிறு போட்டுக் கட்டியது.

விளக்கு அணைந்தது.
பஸ் முந்திப் போய்விட்டது.