தெப்பக்குளம், தண்ணீர் இல்லாத வருடம்

துளசிராம் அடித்த பந்து
தண்ணீரில் விழுந்து மிதந்தது.
அவன் செத்த நாளிலிருந்து
இப்படித்தான் சொல்லிவருகிறேன்.

முனிச்சாலை ஸ்டுடியோவை மூடும்போது கொடுத்த
கவரில் ஒரு போட்டோ.
வெடித்த தரை, மூன்று குச்சி,
மைய மண்டபம்வரை புழுதி.
குளம் வற்றிக் கிடந்தது. அதனால்தானே
உள்ளே இறங்கி ஆடினோம்!

எடுத்த நினைவை
எடுத்தபடி திருப்பி வைக்காதாம் மூளை.
இப்போது படகு ஓடுகிறது அங்கே.
தினமும் டவுன்பஸ்ஸில் அந்த வழியே வந்து
நினைத்து நினைத்து
நனைத்துவிட்டேன் போல.

போட்டோ ஓரத்தில் சேமியா ஐஸ்காரர்.
ஒருநாளும் அவரை நினைத்ததில்லை.
பார்த்ததும் தெரிந்தது, அம்மைத் தழும்பு உட்பட
அதே முகம்.

துளசிராமைத்தான்
சட்டையை வைத்துக்
கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.