செங்கோணம்

வாலிநோக்கத்தில் உப்பளம் தாண்டி
உடைமுள் விட்ட இடைவெளியில்
கடலைப் பார்த்துச் சாய்த்து வைத்த
நாற்பத்தாறு தகடுகள்.
சாம்பல் நிறம். இரண்டு உள்ளங்கை அகலம்.
அவை கெட்டுப்போவதைக் கவனிப்பது என் வேலை.

விமானம் இன்னும் பறக்கவில்லை.
பெங்களூரில் குல்கர்ணி அதை வரைந்துகொண்டே இருக்கிறார்.
இறக்கையின் விளிம்பு எந்தச் சாய்வோ
வாலின் விளிம்பும் அதே சாய்வு.
சக்கரக் கதவுகளுக்கு ரம்பப் பல்.
காற்றை உறிஞ்சும் குழாய் நெளிந்துதான் போகவேண்டும்,
எஞ்சினின் விசிறி எதிரே வருபவனுக்கு
முகம் காட்டிவிடாதபடி.
குண்டுகள் வயிற்றுக்குள்.
ஓர் ஆணி அரை மில்லிமீட்டர் தலை தூக்கினால்
போனில் கத்துவார்.
இருபது டன் உலோகமும் கார்பனும்
ராடார் திரையில்
தவிட்டுக்குருவிக்கு மேல் தெரியக்கூடாது.

‘செங்கோணம் இருக்கிற இடத்தில்
காட்டிக்கொடுப்பவன் இருக்கிறான்.’
எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்.
சுவர்கள் செங்குத்தாகச் சேரும் மூலை
அலையை வந்த வழியே
அனுப்பியவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடும்.

சாய்வுகள் சிதறடித்தது போக
மிச்ச அலையைப் பூச்சு விழுங்கும்,
கொஞ்சம் சூடாகும், மறந்துவிடும்.
பூச்சை உப்பு விழுங்கும்.
கச்சான் அடித்த ஆடியில்
பதினோராம் தகடு கொப்புளம் போட்டது.
இருபத்தெட்டில் பருந்தின் எச்சம்,
ஒன்பது நாளில் அடித்தகடு வரை அரித்திருந்தது.
‘உயிரினத் தாக்கம்’ என்று அறிக்கையில் எழுதினேன்.

காவலாளி குருந்தையா கேட்டார்:
‘கண்ணுக்குத் தெரியுமாம்மா அந்த பிளேனு?’
தெரியும்.
‘சத்தம் கேக்குமா?’
காது கிழியும்.
‘அப்ப யாருக்குத்தான் தெரியாது?’
சொல்ல ஆரம்பித்தேன்.
பாதியில் டீ வந்துவிட்டது.

ஐப்பசியில், அமாவாசைக்கு மறுநாள்,
சீனி இபுறாகீமின் ஃபைபர் வள்ளத்தை
ஒரு சரக்குக் கப்பல் ஏறி மிதித்துப் போனது.
ஐஸ் பெட்டியைப் பிடித்து அவர் மிதந்தார்.
மச்சான் நூர்கனி மிதக்கவில்லை.
கப்பல்காரர்கள் எழுதிக் கொடுத்தது ஒரே வரி:
‘ராடாரில் எதுவும் தென்படவில்லை.’

பொய் இல்லை. ஃபைபர்
அலையைத் தடுக்காது, உள்ளே விட்டு வெளியே விடும்.
நாங்கள் பதினான்கு வருடமாகத் தேடுவது
கடனுக்கு வாங்கிய அந்த வள்ளத்துக்குப்
பிறவியிலேயே கிடைத்திருந்தது.

தை மாதம், வேறொரு வள்ளம், வேறொரு கடன்.
இபுறாகீம் முள்வேலிக்கு வெளியே நின்றார்.
‘நீங்க பெயிண்டு ஆராய்ச்சின்னு சொன்னாக.
திரையில தெரியிற மாதிரி
ஒரு பெயிண்டு இருக்கா?’

நான் படித்ததெல்லாம் எதிர்த்திசையில்.

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் பழைய இரும்புக்கடையில்
அலுமினியத் தகடு, கிலோ கணக்கில்.
மூன்று சதுரம் வெட்டி
நடுவில் கீறி, ஒன்றுக்குள் ஒன்று கோத்தேன்.
எட்டு மூலைகள். எட்டும் எட்டுத் திசை பார்க்கும்.
மூலைமட்டம் வைத்து வைத்துச் சரிபார்த்தேன்.
ஒரு பாகை விலகினாலே
திரும்பும் அலை மெலிந்துவிடும்.
அந்த நேரம் பார்த்து குல்கர்ணி போன்.
‘ஞாயிறு கூடவா வேலை? என்ன செய்கிறாய்?’
கோணம் பார்க்கிறேன் என்றேன்.
‘நல்லது, விடாதே’ என்றார்.

மூங்கில் கழியின் உச்சியில் அதைக் கட்டி
வள்ளம் தென்கடலுக்குள் போனது.
வெயில் சாயும்வரை
ஒவ்வோர் அலைக்கும் ஒரு தரம் மின்னியது.
அலங்கோலமாகத்தான் இருந்தது,
மிட்டாய்க் கடை வாசலில் தொங்கும் ஏதோ போல.
பின்னால் என் நாற்பத்தாறும்
வெளிச்சம் குறையக் குறைய மணலோடு மணலாயின.

‘எம்புட்டுப் பெருசாத் தெரியும்?’ என்றார் குருந்தையா.
ஒரு சின்னக் கப்பல் அளவுக்கு.
‘அவன்ட்ட சொல்லிராதீக.
வட்டிக்காரன் காதுல விழுந்தா
கப்பல் வச்சிருக்கியான்னு கேப்பான்.’