உறவுமுறை என்ற கட்டம்

பாலக்லாவாவில் டிராமை விட்டு இறங்கி
குடையை உதறாமலே உள்ளே வந்தாள் ஹெட்டி துர்க்ஸ்மா,
வயது எழுபத்து நான்கு.
"அப்பா இருக்கும் தாளைக் காட்டுங்கள்."

இந்த அறையில் எனக்குப் பதினோரு மாத வேலை.
தட்டச்சுப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றுகிறேன்.
குடும்பப் பெயர், பெயர், பிறந்த நாள், தொழில்.
தொப்பி தைப்பவர். வைரம் பட்டை தீட்டுபவர்.
தொழில் இல்லை, வயது நான்கு.
வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ரயில்
பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை.
மெல்பர்னிலும் இன்று செவ்வாய். மழை.

வரி அறுநூற்றுப் பதினான்கு:
இஸாக் துர்க்ஸ்மா.
பெயரின் குறுக்கே ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.
அதற்கு மேல், அதே எண்ணுக்கு, பென்சிலில்
ஈ. ரோட்ஃபெல்ட்.
பிறந்த நாள் இல்லை, தொழில் இல்லை.
எண்ணிக்கை குறையக் கூடாது, அவ்வளவுதான்.

"அந்தக் கோட்டால்தான் நான் பிறந்தேன்,"
பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோல் சொன்னாள்.
"அது தெரிந்த கதை. இந்த ஈ யார்?"

எஸ்தரா, எலியேசரா, எம்மாவா.
எங்கள் வழக்கில் முதலெழுத்து அப்பாவுடையது,
முழுப்பெயர் நம்முடையது.
இங்கே குலம் முழுசாக நிற்கிறது,
ஆள்தான் ஓர் எழுத்து,
பக்கத்தில் ஒரு புள்ளி.

மற்றப் பட்டியல்களில் தேடினேன்.
ரோட்ஃபெல்ட்கள் பதினேழு பேர், ஈ-யில் மூவர்.
ஒருவர் முந்தின மாதமே ஏற்றப்பட்டுவிட்டார்.
மிச்சம், கண்ணாடி அறுப்பவர் ஒருவர்,
பள்ளி மாணவி ஒருத்தி.

படிவம் ஆணா பெண்ணா என்று கேட்டது.
தமிழென்றால் 'அவர்' என்று போட்டுக் கடந்திருப்பேன்.

அடுத்த கட்டம்:
தேடப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு?
ஹெட்டி பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள்.
சகலைக்கும் ஓர்ப்படிக்கும்கூடச்
சொல் வைத்திருக்கும் மொழி என்னுடையது.
அதற்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு
வெறுங்கையோடு திரும்பினேன்.

"காலியாக விட்டால் வாங்க மாட்டீர்களா?"
"வாங்குவோம்."
"அப்படியானால் இரண்டு நகல் கொடுங்கள்.
அந்த மனிதருக்கு ஒன்று, அந்தப் பிள்ளைக்கு ஒன்று.
பென்சில் விழ வேண்டும்."

முதல் நகலில் கோடு மட்டும் கரேலென்று விழுந்தது.
அடர்த்தியைக் கூட்டினேன்.
மறுபடி.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி.