ஒற்றை நட்சத்திரம்

போர்ட்டோவில் மூன்று இரவு.
இருவருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து யூரோ,
அதற்குமேல் ஒரு காசு கிடையாது
என்றுவிட்டாள் ஜின்ட்ரா.
வெளியே ரீகாவின் பனி.
ஹீட்டர்மேல் காயாத காலுறைகள்.

பன்னிரண்டு கட்டில் அறை மலிவுதான்.
துண்டுக்கு இரண்டு, பூட்டுக்கு மூன்று,
விரிப்புக்கும் தனி என்றால்
மலிவு எங்கே மிஞ்சும்?
ஆற்றைப் பார்த்த விடுதியின் படத்தில்
ஆறு இருந்தது, கட்டில் இல்லை.
ரயிலடிக்குப் பக்கம் என்றதை
வரைபடத்தில் பெரிதாக்கினால்
நடுவே ஒரு மேடு.

புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை.
திட்டுகிறவன்தான் அங்கே படுத்திருப்பான்.
குளியலறைக் கதவு சாத்தாதாம். வேண்டாம்.
மூட்டைப்பூச்சி. பேச்சே வேண்டாம்.
"இரவுப் பணியாளர் ஓயாமல் பேசுகிறார்,
சாவி வாங்க நாற்பது நிமிடம்."
ஒற்றை நட்சத்திரம்.
இதுதான் என்றேன்.

ஒருமாதிரி பார்த்தாள்.
நவம்பரிலிருந்து எங்கள் வீட்டில்
வாடகை, பால், குப்பை தவிர
வேறு பேச்சில்லை.

விமானம் தாமதம். கடைசி மெட்ரோ போயிருந்தது.
மேட்டில் பெட்டியிழுத்து
ஒன்றே முக்காலுக்கு மணியடித்தோம்.
கழுத்தில் கம்பளி சுற்றிய பல்தசார்
தொண்டையைத் தொட்டுக் காட்டிக்
கையை விரித்தார்.
அரை நிமிடத்தில் சாவி வந்துவிட்டது.
அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.
ரசீதின் முதுகில்
ரொட்டிக் கடை, ஏறக் கூடாத டிராம்,
திங்களன்று மூடியிருப்பவை என்று எழுதி
இடம் போதாமல்
இன்னொரு ரசீதைக் கிழித்தார்.

மேல்கட்டிலில் நான்.
குறட்டைகளுக்கு நடுவே கீழிருந்து அவள்:
"அந்தக் கடைசி வரி, என்ன அது?"
எனக்கும் போர்த்துகீசியம் தெரியாது.
இறங்கிப் போய்
கைப்பேசி வெளிச்சத்தில்
மீன் என்றேன். பாலம் என்றாள். இல்லை, கழுதை.

எதிர்க்கட்டிலிலிருந்து யாரோ
உஷ் என்றார்.